ஏழாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

எங்கள் தெருவில் எனக்கு 'சட்டம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பர்மாவில், தின்கன்ஜூன் என்கிற பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கும் கோர்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தூக்க மாத்திரை கேட்டு யார் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரரோ கோயில் கமிட்டித் தலைவரோ, "டாக்டர் சீட்டு எங்கே?" என்று கேட்பேன். அதற்குக் கிடைத்த பட்டம் அது. அந்தப் பெயரைக் கேட்டால் வெளியே முகத்தைச் சுளித்துக்கொள்வேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். நடந்ததற்கெல்லாம் அந்தக் குளிர்ச்சிதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

மயக்கம் தரும் மருந்துகளுக்குப் புது விதிகள் வந்தபோது மற்ற கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தூக்க மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரை, சில இருமல் மருந்துகள் எல்லாவற்றையும் தனி இரும்பு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அவற்றுக்கென்று தனி இருப்புப் புத்தகம் வேண்டும். உள்ளே வந்த அட்டை எத்தனை, வெளியே போன மாத்திரை எத்தனை, யாருக்கு, எந்த டாக்டரின் சீட்டுக்கு என்று அன்றன்றைக்கே எழுத வேண்டும். குறைந்தால் அதையும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. பலர் அந்த மருந்துகளே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நான் மட்டும் ஓடியோடி மனுக்கொடுத்து அனுமதி வாங்கினேன். அலமாரி வந்து இறங்கிய அன்று, அதற்கு முன்னால் நின்று தெருவுக்கே தெரியும்படி சாவியை ஆட்டிக் காட்டினேன். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிற மனுஷனுக்கு அப்படியொரு சின்னப்பிள்ளைத்தனம்.

கடையில் எனக்கு உதவிக்கு ஒரு பெண் இருந்தாள். வேலைக்கு வரும்போது அவளுக்கு முப்பது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர் என்று சொல்வாள். பதினோரு வருடம் என்னோடு இருந்தாள். உண்மையைச் சொன்னால், கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தேடி வந்ததில்லை. ஒரு கிழவி வந்து பர்மியத்தில் நெஞ்சு எரிகிறது என்றால், நான் மாத்திரையைத் தேடுவேன்; அவள், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். பாதி வியாதிக்கு அவளே பதில் வைத்திருந்தாள். அதிலும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அவள் குடியிருந்த சந்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேளாது. தகப்பன் இறந்துவிட்டான். தாய், ஊரில் பிழைக்க வழியில்லாமல் தாய்லாந்தில் மீன் ஆலை வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது குழந்தையை என் கடைப் பெண்ணிடம்தான் விட்டுப் போனாள். அந்தக் குழந்தை காது கேளாதவர்களுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தது. பஸ்ஸில் போக முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே போன இரண்டு வருடத்தில் குழந்தை கைகளால் பேசக் கற்றுக்கொண்டது. சந்தில் அதோடு அப்படிப் பேசத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அதற்காக வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கே போய்ப் பெற்றோர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு நாள்தான் எனக்கு உறுத்தல்.

"அண்ணே, வியாழக்கெழம மத்தியானம் கொஞ்சம் போய்ட்டு வந்துறட்டுமா? சயாமா வரச் சொல்லிருக்காங்க" என்பாள். ஆசிரியையை சயாமா என்பதும், என்னைப் போன்ற ஆண்களை மரியாதையாக சயா என்பதும்தான் இங்கே வழக்கம்.

"போ, போ. நா இங்க கடையக் கட்டிக்கிட்டு அழுவுறேன். பெத்தவ ஒருத்தி, வளக்குறவ ஒருத்தி, நடுவுல நா எதுக்குச் சம்பளம் குடுக்குறேன்னு தெரியல" என்பேன்.

அவள் சிரித்துக்கொண்டே போவாள். நான் போக விடாமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு தடவைகூட முணுமுணுக்காமல் அனுப்பியதும் இல்லை.

புது அலமாரி வந்த சில வாரங்களில் எனக்குக் கண் புரை அறுவை ஆயிற்று. நான்கு நாள் வீட்டில் கிடந்தேன். அந்த நான்கு நாளும் அலமாரிச் சாவி அவளிடம் இருந்தது. ஐந்தாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டேன். மாதக் கடைசியில் இருப்பு எண்ணியபோது தூக்க மாத்திரையில் ஒரு அட்டை குறைந்தது. பத்து மாத்திரை. மூன்று தடவை எண்ணினேன். கண் சரியில்லையோ என்று தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்து குறைந்தது குறைந்ததுதான்.

அப்போது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. அறுவைக்குப் போகுமுன் ஒரு நாள் அவள் அந்த அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு, "அண்ணே, இதுல ஒண்ணு போட்டா நெசமாவே நல்லாத் தூக்கம் வருமா?" என்று கேட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நான், "சீட்டு கொண்டாந்தா வரும்" என்று ஜோக்கடித்தேன். அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வியையும் நான்கு நாள் சாவியையும் குறைந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அவள் அப்போது பத்தடி தள்ளி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து அளந்து ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினோரு வருடம் உழைத்தவளை நிற்க வைத்து, நீ எடுத்தாயா என்று கேட்பது அநாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் வராமல் எடுத்திருப்பாள், தொலைந்து போகட்டும், அவமானப்படுத்த வேண்டாம். இப்படி நினைத்து, என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன். சாவியை மட்டும் அதற்குப் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை. விதிப்படி புத்தகத்தில் எழுதினேன்: பத்து மாத்திரை குறைவு, காரணம் தெரியவில்லை, நான்கு நாட்கள் சாவி உதவியாளர் பொறுப்பில் இருந்தது.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன். அடுத்த மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி அந்த வரியைப் படித்தார். "பத்துதானே, இனிமேல் பார்த்துக்கொள்ளுங்கள் சயா" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு, பக்கத்தின் அடியில் முத்திரை குத்தினார். அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவரை என் சந்தேகமாக மட்டும் இருந்ததுதான், அந்த முத்திரைக்குப் பிறகு எனக்கு நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

குளிர்காலம் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. தாய் தகப்பன் ஊரில் இல்லாத குழந்தைகளுக்கு, அவர்கள் இடத்தில் நின்று கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். குழந்தையை எந்த வகுப்பில் போடுவது, காதுக் கருவி மாட்டுவதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் ஆள். அதுவரை யார் வந்து கையெழுத்துப் போட்டாலும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ எதுவோ நடந்து, ஏதோ ஒரு குழந்தையை யாரோ உரிமை சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். இனி கண்டவரையும் நம்ப முடியாது என்று விதி போட்டுவிட்டார்கள். வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், போலீஸில் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு கடிதம், வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு படிவம். மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. உரிமையுள்ள ஆள் இல்லாத குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். விதியில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. நான் பள்ளி நடத்தினாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

வார்டு அலுவலகக் கடிதத்தை நாலு தடவை நடந்து வாங்கினாள். போலீஸ் கடிதமும் கிடைத்தது. கடைசியாக என் படிவத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"இத மட்டும் நீங்க நெரப்பிக் குடுத்தீங்கன்னா முடிஞ்சுதுண்ணே. மூடி ஒட்டித்தான் குடுக்கணுமாம். நா பாக்கக் கூடாதாம்."

"ஏன், நா ஒன்னப் பத்தி ஏதாச்சும் எழுதிருவேன்னு பயமா?"

"நீங்களா? நல்லா எழுதுங்கண்ணே. சம்பளம் கூட்டிக் குடுக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் போய்விட்டாள்.

படிவத்தில் ஒன்பது கேள்விகள். எத்தனை வருடமாகத் தெரியும், குடிப்பழக்கம் உண்டா, கோபக்காரரா, குழந்தைகளோடு எப்படிப் பழகுகிறார். ஆறு கேள்விகளுக்கு நான் எழுதிய பதிலைப் படித்தால் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். ஏழாம் கேள்வி: 'இவருடைய பொறுப்பில் இருந்தபோது பணமோ மருந்தோ பொருளோ காரணம் தெரியாமல் குறைந்ததுண்டா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று போடலாம். ஆனால் என் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு அரசாங்க முத்திரை இருக்கிறது. நாளைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தால் 'சட்டம்' பொய் சொன்னான் என்று ஆகிவிடும். மாத்திரை எடுக்கும் பழக்கம் உள்ள ஒருத்தியிடம் பேச்சற்ற ஒரு குழந்தையை விடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. இந்த இரண்டாவது யோசனை பிறகு வந்தது, முதலாவதுக்குத் துணையாக. ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கீழே, 'தூக்க மாத்திரை ஒரு அட்டை, ஒரு முறை மட்டும்' என்று எழுதினேன். அந்த 'ஒரு முறை மட்டும்' அவளுக்கு நான் செய்த உதவி என்று நினைத்தேன்.

உறையை ஒட்டி அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். அன்று வியாழக்கிழமை இல்லை. இருந்தாலும் அன்றைக்கு மட்டும் முணுமுணுக்காமல் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று அவள் என்னிடம் விவரிக்கவில்லை. "வேல பாக்குற எடத்துக் கடிதாசி சரியா வரலையாம்ணே" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். நான் மருந்துப் பெட்டியின் காலாவதித் தேதியைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். உறையை ஒட்டிக் கொடுத்தது எதற்கு, ரகசியம் என்றால் ரகசியம்தானே என்று அதற்கும் ஒரு விதி எனக்குக் கிடைத்தது.

தாய்லாந்திலிருந்து தாய் போனில் அழுதாளாம். கையெழுத்துப் போட வேறு ஆள் கிடைக்கவில்லை. தாயின் அண்ணன் ஒருவர் மாவ்பி என்கிற ஊரில் காய்கறி வியாபாரம் செய்கிறார். தை மாதம் அவர் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார். மாவ்பியில் அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கிடையாது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் கைப் பேச்சு தெரியாது. மூன்று வாரம் கழித்து என் கடைப் பெண்ணும் வேலையை விட்டு நின்றுகொண்டாள். மாவ்பிச் சந்தையில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றாள். சண்டை போடவில்லை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் ஒன்றும் கேட்காமல் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த மண்டையைத்தான் இப்போது சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் போன பிறகு அந்த வேலைக்கு இரண்டு பேர் வந்து, சில நாள் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிழவிகள் எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. பர்மியர்களின் தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவை ஒட்டி எங்களுக்கு சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். என் அப்பா தொடங்கி வைத்தது. பூஜையன்று கடையில் இருக்கும் மருந்தில் வகைக்கு ஒன்று எடுத்துத் தட்டில் வைத்து, படத்துக்கு முன்னால் படைப்போம். மறுநாள் அதை விற்பனைக்கு எடுக்க மாட்டோம். மஞ்சள் துணியில் முடிந்து, படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் வைத்திருப்போம். அடுத்த பூஜைக்குப் பழையதைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிதாக முடிவோம். அது அம்மாளுக்குக் கொடுத்தது; யாரும் தொட மாட்டார்கள்.

அந்த வருடம் முடிச்சை நானே பிரித்தேன். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, உப்புக் கரைசல் பொட்டலம், சின்ன இருமல் புட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், குங்குமம் ஒட்டிக்கொண்டு, தூக்க மாத்திரை ஒரு அட்டை. பத்தும் இருந்தது.

உடனே எல்லாம் கண் முன்னால் வந்தது. போன பூஜையன்று தட்டு தயாராக இருந்தது. எல்லாம் வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, நான்தான் போய்ப் புது அலமாரியைத் திறந்தேன். புது அனுமதி, புது அலமாரி, அதற்கும் அம்மாளின் ஆசி வேண்டும் என்று ஒரு அட்டையை எடுத்துத் தட்டில் வைத்தேன். புத்தகத்தில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. விற்றால் எழுதலாம், உடைந்தால் எழுதலாம். சாமிக்கு வைத்ததை வெளியே போனதாக என் மனம் ஒருநாளும் நினைத்ததில்லை. சட்டம் பேசுகிற நான், அலமாரியிலிருந்து சீட்டில்லாமல் எடுத்த முதல் அட்டை அதுதான்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அழுகை வந்தது. அறுபத்தெட்டு வயதில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

மறுநாள் புத்தகத்தில் புது வரி எழுதினேன்: பழைய குறைவு கண்டுபிடிக்கப்பட்டது, தவறு என்னுடையது. பழைய வரியை அடிக்க விதி இல்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை சயாமா பர்மியப் பெண்மணி, சாந்தமான முகம். நான் நீட்டிய புதுக் கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"அந்தக் குழந்தைக்கு இவர் எவ்வளவு செய்தார் தெரியுமா சயா?" என்றார். "கரண்ட் போனால் குழந்தைக்குப் பயம். இருட்டில் கை தெரியாது, பேச முடியாது. அதனால் கரண்ட் வரும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பாராம். தூக்கமே இல்லை என்று இங்கே வந்து சொல்லிச் சிரிப்பார்."

தூங்க வைக்கும் மாத்திரை பற்றி அவள் கேட்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போய்விட்டது என்றார் சயாமா. வருகிற ஜூனில் மறுபடி மனுப் போடலாம், ஆனால் ஒன்றரை வருடம் விட்டுப்போனால் கீழ் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும் என்றார். புதுப் படிவம் ஒன்று கொடுத்தார். ஏழாம் கேள்வி அதில் அப்படியே இருந்தது.

அடுத்த நாளே மாவ்பிக்கு பஸ் ஏறினேன். சந்தையில் விசாரித்து அவள் வேலை செய்யும் கடையைக் கண்டுபிடித்தேன். வெங்காயமும் பூண்டும் விற்கிற கடை. அவள் தராசில் பூண்டு நிறுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தைச் சருகு நீக்கிக்கொண்டிருந்தது. வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் கையால் ஏதோ கேட்டது. ஒரே ஒரு அசைவுதான்.

"வாங்கண்ணே! என்னா இவ்வளவு தூரம்? கண்ணு இப்ப நல்லாத் தெரியுதா?" என்று எழுந்துவந்து முக்காலி போட்டாள்.

உட்காரவில்லை. வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை நின்றபடியே கொட்டினேன்.

"என்ன மன்னிச்சிரும்மா. அலமாரில ஒரு அட்ட கொறஞ்சிச்சு. நீதான் எடுத்திட்டேன்னு நெனச்சிட்டேன். அந்தக் கடிதாசியில அதத்தான் எழுதினேன். இப்ப பூசை முடிச்சுல கெடைச்சிருச்சு. தப்பு எம்மேலதான். சயாமாகிட்ட சொல்லிட்டேன். இந்தா புதுப் படிவம், ஜூன்ல பிள்ளையச் சேத்துக்குவாங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு வருடமாகப் பிடித்திருந்த சளி இறங்கினாற்போல் இருந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். பூண்டுத் தட்டு கையிலேயே நின்றிருந்தது. அவளுக்கு இது எதுவுமே தெரிந்திருக்கவில்லை. பள்ளியில் அவளிடம் அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் அவளைத் திருடி என்று நினைத்தது, அந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது.

"அம்மாளுக்குத் தட்டுல வச்ச அட்டையாண்ணே?" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு அந்த முடிச்ச முடிஞ்சது நாந்தானே. நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க. கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேனே."

வாடிக்கையாளர் ஒருத்தி வந்து கால் கிலோ கேட்டாள். அவளுக்கு நிறுத்துக் கொடுத்து, மீதியும் கொடுத்தனுப்பினாள். பிறகு என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, வெங்காயச் சருகு ஒட்டாமல் கையைத் துடைத்துக்கொண்டு, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அது மறுபடி கேட்டபோது அவள் கைகள் பதில் சொல்லவில்லை.

"பிள்ளைய ஜூன்ல கொண்டாந்து சேக்குறேண்ணே. அதுக்கு நீங்க செஞ்சது போதும்" என்றாள். பிறகு, பூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இத்தன நாளும், பிள்ளப் பொறுப்ப ஏத்துக்கிட்டா நா வேலைய விட்டுருவேன், கடைக்கு ஆள் இல்லாமப் போயிரும்னுதான் நீங்க சரியா எழுதித் தரலன்னு நெனச்சிட்டிருந்தேன். கோவம் இருந்துச்சு. பிள்ளையப் பாக்குறப்பல்லாம் வஞ்சிருக்கேன். ஆனா, நம்மள விட மனசில்லாம ஒருத்தர் இப்படிப் பண்ணிட்டாரேன்னு, உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்துச்சுண்ணே."

பதினோரு வருடத்தில் என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு போனது அந்தப் பெருமை ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அத்தனை தூரம் போய், அதையும் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.